பன்னிரண்டு மண்கோப்பைகள்

மார்ச் இரண்டாம் வாரம், கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது அக்ஷராவுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. அவள் விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. போன மழைக்காலம் முழுக்க டாலிகஞ்ச் பகுதியிலுள்ள தங்கள் வீட்டு மொட்டைமாடியில் செய்த ஆய்வை எழுதி ஒரு சிறிய ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தாள். டீ குடித்துவிட்டுத் தெருவில் வீசும் மண்கோப்பையில் கொசுப்புழு அதிகம் வளருமா, பிளாஸ்டிக் கோப்பையிலா என்பதுதான் அவளுடைய கேள்வி. மண்ணில் பன்னிரண்டு, பிளாஸ்டிக்கில் பன்னிரண்டு கோப்பைகள் வைத்தாள். நான்கு நாளுக்கு ஒருமுறை புழுக்களை எண்ணி, கொன்று, கோப்பையைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுவாள்.

மின்னஞ்சல் அந்த இதழிலிருந்துதான். கட்டுரையைப் படித்துப் பார்த்த இரண்டு நிபுணர்களில் ஒருவர் பாராட்டியிருந்தார். இன்னொருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். முதல் இரண்டு வாரம் மண்கோப்பைகளிலும் புழுக்கள் இருக்கின்றன. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டிலும் ஒன்றுகூட இல்லையே, எப்படி?

அக்ஷரா அதைத்தான் தன் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்திருந்தாள். மண்ணிலிருந்து ஏதோ தண்ணீரில் இறங்கிப் புழுக்களைக் கொல்கிறது என்று ஒரு பக்கம் எழுதியும் இருந்தாள். அது என்னவென்று யோசித்துக்கொண்டே மெட்ரோவில் வீடு வந்து சேர்ந்தாள்.

அம்மா பாகீரதி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அக்ஷரா சமையல்மேடையில் சாய்ந்துகொண்டு கேள்வியைப் படித்துக் காட்டினாள்.

"மண்ணுல அப்படி என்னம்மா இருக்கும்?"

தோசை கருகும் வாசனை வந்தது. பாகீரதி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மண்ணுல ஒண்ணும் இல்லடி. நான்தான் உப்பு போட்டேன்."

"என்னது?"

"ரெண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் நீ தண்ணி ஊத்திட்டு காலேஜ் போனதும் ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன். துணி காயப்போடற பக்கம் இருந்த வரிசைக்கு மட்டும். டாங்குக்குப் பின்னாடி இருந்ததுக்கு என்னால போக முடியல, முட்டி வலி."

துணிக்கொடிப் பக்கம் இருந்தவை எல்லாம் மண்கோப்பைகள்.

"எட்டு மாச வேலைம்மா! ஏம்மா இப்படிப் பண்ணினே?"

"உங்கப்பாவுக்கு டெங்கு வந்தப்ப பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு இறங்கிச்சு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்திருந்தவ நான். நீ மாடியில கொசு வளர்க்கறேன்னா எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

"வளர்க்கல, எண்ணறேன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

அக்ஷரா சாப்பிடாமல் அறைக்குப் போனாள். இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை. வங்கியிலிருந்து வந்த அப்பா கோவிந்தராஜன் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, எந்தப் பக்கமும் சேராமல் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

மூன்றாம் நாள் அவள் தன் பேராசிரியை சுதேஷ்ணா மேடத்திடம் போய், வங்காள மொழியில் எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "அந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதப் போகிறாய்?" என்று கேட்டார்.

"காரணம் தெரியவில்லை, மேலும் ஆராய வேண்டும் என்று எழுதினால் ஏற்றுக்கொள்வார்கள், இல்லையா மேடம்?"

"ஏற்றுக்கொள்ளலாம். ஏதோ ஒரு ஊரில் யாரோ அதை நம்பி மண்கோப்பையைத் தெருவில் விட்டுவைப்பார்கள்."

அன்று மாலையே அக்ஷரா கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இதழின் ஆசிரியருக்கு எழுதினாள். காரணத்தையும் மறைக்கவில்லை: என் அம்மா உப்பு போட்டுவிட்டார். அனுப்பியபின் மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். பாகீரதி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அக்ஷரா அந்தக் கையைத் தள்ளவில்லை.

ஜூலையில் மறுபடி மழை பிடித்தது. அக்ஷரா இந்தமுறை மண்ணையும் பிளாஸ்டிக்கையும் மாற்றி மாற்றி வைத்தாள். எல்லாம் டாங்குக்கு முன்னால், கண்ணில் படும் இடத்தில். வேலைக்கு அம்மாவையும் சேர்த்துக்கொண்டாள்.

"நீயே எண்ணும்மா. ஒரு புழுகூடத் தப்பிக்கலன்னு உனக்கே தெரியும். நிம்மதியாத் தூங்குவே."

பாகீரதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோப்பைத் தண்ணீரை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினாள். மகள் பதினேழு என்ற இடத்தில் அவள் பத்தொன்பது என்றாள். திரும்ப எண்ணியபோது பத்தொன்பதுதான்.

இரண்டாவது வாரம், கோப்பைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த மகளைப் பார்த்து அவள் கேட்டாள்.

"ஏன்டி, கரியாஹாட் கடைத்தெருவுல டீ குடிச்சுட்டுப் போடறவன் கழுவிட்டா போடறான்?"

அக்ஷராவின் கை நின்றது.

"அடியில பாலும் சர்க்கரையும் ஒட்டியிருக்குமே. அது ஊறின தண்ணியில புழு இன்னும் ஜோரா வளராது?"

மறுநாள் அக்ஷரா தெருமுனை டீக்கடையில் ஒரு பை நிறைய எச்சில் கோப்பைகளைக் கேட்டு வாங்கி வந்தாள். கடைக்காரர் அவளை ஒருமாதிரிப் பார்த்தார். கழுவியவை, கழுவாதவை என்று ஆய்வு புதிதாகத் தொடங்கியது. செப்டம்பர் முடிவில் கணக்கு தெளிவாக வந்தது. மண்ணுக்கும் பிளாஸ்டிக்குக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கழுவாத கோப்பைகளில் மட்டும், எதனால் செய்ததானாலும், இரண்டு மடங்குக்கும் மேல் புழுக்கள்.

சுதேஷ்ணா மேடம் அட்டவணைகளைப் பார்த்துவிட்டு, "இந்தக் கேள்வி யாருடையது?" என்றார். அக்ஷரா சொன்னாள். "அப்படியானால் அவர் பெயரும் வரவேண்டும். நன்றி சொல்லும் இடத்தில் அல்ல, எழுதியவர்கள் வரிசையில்."

வீட்டில் அதைக் கேட்டதும் பாகீரதி பதறிப்போனாள்.

"ஐயோ, நான் பிளஸ் டூ. யாராவது சிரிப்பாங்க."

"யோசிச்சது நீ. எண்ணினதுல பாதி நீ. நான் எழுதினதைத் தமிழ்ல சொல்றேன், கேளு. தப்புன்னு தோணினா சொல்லு."

நான்கு மாலைகள் அவள் வரிவரியாகச் சொன்னாள். பாகீரதி இரண்டு இடத்தில் தப்பு கண்டுபிடித்தாள். ஒன்று உண்மையிலேயே தப்பு.

அதே இதழ் பிப்ரவரியில் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட கடிதத்தின் கடைசியில் ஆசிரியர், உங்கள் தாயாருக்கு என் வணக்கம் என்று எழுதியிருந்தார். அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்க வந்த பிரதியை மூவரும் சேர்ந்து திரையில் பார்த்தார்கள். அக்ஷரா கோவிந்தராஜன், பாகீரதி கோவிந்தராஜன், பிறகு மேடம் பெயர். அப்பா, "ரெண்டு தடவை என் பேர் வருதே!" என்று மகிழ்ந்துபோனார்.

மகளுக்கும் மேடத்துக்கும் கல்லூரியின் பெயர் இருந்த இடத்தில் தனக்கு வீட்டு முகவரி இருப்பதைப் பாகீரதி விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, சரியா இருக்கா?"

"பிளாட் நம்பர் விட்டுப்போச்சு," என்றாள் பாகீரதி. "படிச்சுட்டு யாராவது லெட்டர் போட்டா எப்படி வந்து சேரும்?"