மூன்றாவது டம்ளர்

பர்பன் விஸ்கியை ஒரு வாய் குடித்தால், அது ஊறிய பீப்பாய் மரத்தில் எத்தனை அணில் ஏறியது என்றுகூடச் சொல்லிவிடுவேன். டெக்சாஸ் சுகர் லேண்டில், மகள் வீட்டுத் தோட்டத்தில் இதைச் சொன்னதும் சம்பந்தி நாச்சிமுத்து கொதித்துப்போனார். அவர் பெருமையாக நீட்டிய விலையுயர்ந்த பாட்டிலை அப்போதுதான் மட்டம் தட்டியிருந்தேன்.

“எவனோ காய்ச்சினதை வாங்கி, தன் லேபிளை ஒட்டி விக்கிறான் சம்பந்தி. மேசையில இருக்கற, நாலஞ்சு பீப்பாய் கலந்த இந்த மலிவுச் சரக்கே மேல்.”

“ஏனுங்க, எனக்கு வாங்கத் தெரியாதுங்கிறீங்களா? கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்லுங்க பார்ப்போம். தப்பாச் சொன்னா இனி இந்த வீட்டுல உங்களுக்கு மோர்தான்!”

மாப்பிள்ளை முகிலன் துண்டால் என் கண்ணைக் கட்டினார். சம்பந்தி மூன்று எவர்சில்வர் டம்ளர்களை டொக்கென்று வைத்தார்.

முதல் இரண்டையும் ருசித்தேன். “இது உங்க லேபிள் சரக்கு. இது மலிவு.” மூன்றாவதை விழுங்கியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என்ன சம்பந்தி, ஏமாத்தப் பாக்கறீங்களா? ரெண்டையும் கலந்து ஊத்தியிருக்கீங்க! அதுவும் ரெண்டையும் விட நல்லா வேற இருக்கு!”

“நல்லா இருக்குதா? பொய்!” சம்பந்தி டம்ளரைப் பிடுங்கி மிச்சத்தைக் குடித்தார். துண்டை அவிழ்த்தேன்.

“கலந்தேனுங்க,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “நல்லாத்தான் இருக்குது.”