வாயை மட்டும் அசை

எங்கள் பாட்டு ஆல்பத்திலிருந்து என் குரலைத் தூக்கிவிட்டார்கள் என்பதை முதலில் கண்டுபிடித்தது என் அம்மா. நான் பாட ஆரம்பித்த நாளிலிருந்து "உன் தொண்டையில இடி விழ" என்று திட்டிக்கொண்டிருக்கும் அதே அம்மாதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் ஆல்பம் தயாராகிவிட்டதென்று தம்பி அதை அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தான். எனக்கு அனுப்பவில்லை. அனுப்பிய கையோடு வீட்டை விட்டும் கிளம்பிவிட்டான். நான் தலை துவட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தபோது, அம்மா போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, இது உன் தொண்டை இல்லையே?"

"போன் ஸ்பீக்கர்ல அப்படித்தாம்மா கேக்கும்."

"எனக்கேவா கதை விடற? நீ கத்தினா எனக்கு இங்க ஏதோ பண்ணும்." கத்தி பிடித்த கையாலேயே நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "இவன் கத்தறான், ஒண்ணுமே ஆகல. வெங்காயந்தான் எரியுது."

போனைப் பிடுங்கிக் காதில் வைத்தேன். யாரோ ஒரு பையன். நான் எழுதிய வரிகளை அழகாக, சுத்தமாகப் பாடிக்கொண்டிருந்தான்.

நாங்கள் மூன்று பேர். தம்பி ட்ரம்ஸ். அவனுடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, தலைமுடியை வைத்துச் சுருட்டை என்று நாங்கள் கூப்பிடுகிறவன், கிட்டார். நான் குரல். பாட்டு எல்லாம் நான் எழுதியவை. நாங்கள் வாசிக்கிற ராக் இசைக்கு போஸ்ட்-ஹார்ட்கோர் என்று பெயர். அம்மா வைத்த பெயர் கூப்பாடு. இரண்டும் சரிதான். பகலில் நான் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிறேன். முன்பின் தெரியாத ஆட்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், நான் "மன்னிக்கணும் சார்" சொல்ல வேண்டும். என் குரல் கொஞ்சம் ஏறினால்கூட, கண்ணாடி அறைக்குள்ளிருந்து சூப்பர்வைசர் உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டுவார். நாய்க்குட்டியை உட்காரச் சொல்கிற மாதிரி. அப்படி இறக்கி இறக்கி உள்ளே அமுக்கி வைத்ததையெல்லாம் திரட்டித்தான் இந்த ஆல்பத்தில் கத்தியிருந்தேன். அதைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

தம்பியின் அறைக்குப் போனேன். அவனுடைய பெரிய ஸ்பீக்கரில் ஆல்பத்தை முதலிலிருந்து போட்டு, சத்தத்தை எவ்வளவு திருக முடியுமோ அவ்வளவு திருகினேன். மேஜைமேல் இருந்த சில்லறையெல்லாம் துள்ளியது. "காது போகுது, குறைடி!" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள். நான் குறைக்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, ஆல்பம் பிரமாதம். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். முதல் பாட்டில் கிட்டார் எடுத்த எடுப்பிலேயே பாய்கிறது, மூச்சுவிட இடமே இல்லை. இரண்டாவதில் எல்லாம் சட்டென்று அடங்கி, ஒரே ஒரு கம்பி மட்டும் அதிர்ந்துகொண்டிருக்க, மறுபடி மொத்தமாக மேலே வந்து விழுகிறது. உடம்பு தானாக எழுந்துவிட்டது. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே கேட்டேன். ஆனால் அந்தப் பையன் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரத்தது. "மாட்டேன்" என்று ஒரு பாட்டு. அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பக் கத்த வேண்டும். அதைப் பதிவு செய்த அன்று எனக்குத் தொண்டையில் ரத்த வாடை அடித்தது. அந்தப் பையன் "மாட்டேன்" சொன்னது, சாப்பிட உட்கார்ந்தவன் இன்னொரு கரண்டி வேண்டாம் என்று சொல்வதுபோல் இருந்தது.

அந்தப் பாட்டின் நடுவில் அவன் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் ட்ரம்ஸ் மட்டும் தனியாக உருளும். அங்கேதான் அதைக் கேட்டேன். ட்ரம்ஸுக்குப் பின்னால், எங்கோ தூரத்தில், யாரோ கத்துகிறார்கள். நிறுத்தித் திரும்பப் போட்டேன். மறுபடியும் போட்டேன். கத்துவது நான்தான்.

எப்படி என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் தம்பிக்கு எண்ண வராது. மற்ற ட்ரம்ஸ்காரர்கள் காதில் டிக் டிக் என்று ஒரு சத்தத்தை மாட்டிக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி அடிப்பார்கள். இவன் அதை மாட்டினால் நொண்டியடிப்பான். சின்ன வயதிலிருந்தே என் முகத்தைப் பார்த்துத்தான் அடிப்பான். நான் மூச்சை இழுக்கும்போது தோள் ஏறும், அது இறங்கும் நொடியில் அவன் குச்சியும் இறங்கும். அதனால் ஒலிப்பதிவாளர் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், நான் தனி அறையில் நிற்காமல், ட்ரம்ஸுக்கு நேர் எதிரே நின்று கத்தினேன். ட்ரம்ஸைச் சுற்றி வைத்த மைக் எல்லாவற்றுக்குள்ளும் நானும் புகுந்துவிட்டேன். என் மைக்கில் பதிவானதைத் தூக்கிவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள், மடையன்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

சாயங்காலம் தம்பி பூனை மாதிரி உள்ளே நுழைந்தான். நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"யாருடா அவன்?"

"எவன்?"

"பல்லு உடையும். என் பாட்டைப் பாடறவன்."

செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டான். "ஆல்பத்தை வெளியிடறவரோட மச்சினன்க்கா. பொம்பளக் குரல்ல இவ்வளவு கோபம் இருந்தா ஆளுங்க கேக்க மாட்டாங்களாம். அவனைப் பாட வெச்சாத்தான் வெளியிடுவேன்னாரு. சுருட்டை சரின்னுட்டான்."

"நீ?"

"நான் என்ன சொல்றது?"

"வேண்டாம்னு சொல்லலாம்ல? நாலு எழுத்துதானே? வாயில வராதா?"

"உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"எப்போ? என் கருமாதிக்கா?"

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என் தம்பி. எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு நடுவில் வெளியேறிவிடுவான். ஆனால் அன்று அவன் நகரவில்லை. ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று தெரிந்தது. அம்மாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பிறகு சொன்னான்.

"ட்ரம்ஸ்ல உன் குரல் கேக்குதுக்கா. வெளியிடறவருக்கே கேட்டுடுச்சு. பின்னாடி எவ கத்தறான்னு கேட்டாரு. ட்ரம்ஸ மட்டும் திரும்ப வாசிக்கச் சொல்றாங்க. இன்னைக்கு முழுக்க உக்காந்து பாத்தேன். வரல. நீ இல்லாம எனக்கு வரலக்கா."

"அதுக்கு?"

"நீ வந்து எதிர்ல நில்லேன். சத்தம் போட வேணாம். வாயை மட்டும் அசை."

என் குரலைத் திருடினது போதாது என்று, அந்தத் திருட்டைத் துடைக்க என்னையே துணி பிடிக்கக் கூப்பிடுகிறான்! என் கையில் ஏதாவது கனமாக இருந்திருந்தால் அன்று வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்திருக்கும். அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நீயும் இவளும் ஒரே வயித்துலதான் பொறந்தீங்களாடா?"

"நீ சும்மா இரும்மா," என்றேன். "வரேண்டா. கண்டிப்பா வரேன்."

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். ஒலிப்பதிவுக் கூடம் ஒரு மெத்தைக் கடையின் பின்கட்டில் இருக்கிறது. விற்காத மெத்தைகளைச் சுவரெல்லாம் நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். ஒலிப்பதிவாளர் வயதானவர், நல்ல மனிதர், எப்போது போனாலும் "வா தங்கச்சி" என்பார். அன்று அதைச் சொல்லாமல் ஹெட்ஃபோன் வயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். சுருட்டை மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்தான்.

"வாங்கக்கா! உங்க பெரிய மனசு யாருக்கும் வராது."

"என் மனசை நீ அளக்காத. எங்க நிக்கணும்?"

பழைய இடத்தையே காட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருவர், இந்தப் பக்கம் நானும் தம்பியும் ட்ரம்ஸும். "மாட்டேன்" பாட்டைத்தான் முதலில் எடுத்தார்கள். தம்பி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு குச்சிகளை உயர்த்தி என் முகத்தைப் பார்த்தான். நான் உதட்டை இறுக்க மூடி, தோளை அசைக்காமல், மூச்சைக்கூட மூக்கோடு நிறுத்தி நின்றேன்.

இரண்டு அடி அடித்தான். தடுமாறினான். நின்றுவிட்டான்.

"இன்னொரு தடவை," என்றார் ஒலிப்பதிவாளர்.

மறுபடி ஆரம்பித்தான், மறுபடி தடுமாறினான். நான் அவனை வெறித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு முறையும் அவன் கண் என் வாயைத் தேடி வந்து, அது மூடியிருப்பதைப் பார்த்துத் திரும்பியது. வேர்த்து ஊற்றியது அவனுக்கு. பாவமாக இருந்ததா என்றால், இருந்தது. அதற்காக வாயைத் திறந்துவிடுவேனா?

சுருட்டை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அக்கா, நீங்க வேணும்னே பண்றீங்க."

"ஆமா, வேணும்னேதான் பண்றேன். ட்ரம்ஸ்ல நான் இருக்கக் கூடாது, ஆனா ட்ரம்ஸ் அடிக்க மட்டும் நான் வேணுமா? பழைய குரலைப் போடு. என் பேரைப் போடு. அப்புறம் உனக்கு என்ன வேணுமோ செய்யறேன்."

"அதெல்லாம் முடியாதுக்கா."

"ஏன் முடியாது? உங்க அப்பன் வீட்டுச் சொத்தா அது?"

"இல்லக்கா, அது... இப்ப இல்ல. அழிச்சாச்சு."

தம்பியின் கையிலிருந்து ஒரு குச்சி கீழே விழுந்தது. "ஓரமா எடுத்து வெச்சிருக்கோம்னுதானேடா எங்கிட்ட சொன்ன?"

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளரின் குரல் மைக் வழியாக வந்தது. "சுருட்டைதான் அழிக்கச் சொன்னான் தங்கச்சி. நீ வந்து சண்டை போட்டா இல்லைன்னு சொல்லிடலாம்னு. நானும் கேட்டுத் தொலைச்சேன். இனிமே திரும்ப வராது."

நான் அழவில்லை. அழுகை வருவதற்குள் கோபம் முந்திக்கொண்டது. சுருட்டையை என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அவன் பரம்பரையையே இழுத்துவிட்டேன். புகார்ப் பிரிவில் என்னைத் திட்டினவர்கள் எல்லாரிடமிருந்தும் கற்றுக்கொண்டதை வட்டியோடு இறக்கினேன். அவன் சுவரோரம் ஒரு மெத்தையில் ஒட்டிக்கொண்டு நின்றான்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது தம்பி மெல்லச் சொன்னான். "இன்னொரு தடவை பாடிடுக்கா. இப்பவே பதிவு பண்ணிடலாம். யார் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்."

"அது அன்னைக்கு இருந்த கோபம்டா. தூக்கிப் போட்டுட்டீங்க. இன்னைக்கு இருக்கிறது வேற. இதுக்கு நான் வேற பாட்டுதான் எழுதணும், அதுல நீதான் இருப்ப."

அவன் ட்ரம்ஸை விட்டு எழுந்தான். என்னைத் தாண்டி, சுருட்டையைத் தாண்டி, கதவைக்கூட மூடாமல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனான். என்ன செய்யப் போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. ஒலிப்பதிவாளரை விலகச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற பலகையின் முன்னால் உட்கார்ந்தான்.

"இதுல அந்தப் பையன் எதுண்ணே?"

அவர் ஒரு குமிழைக் காட்டினார். தம்பி அதை அடிவரைக்கும் இழுத்தான். பிறகு ட்ரம்ஸை மேலே தள்ளினான். பாட்டு ஓடியது. அவனுடைய ட்ரம்ஸ் என் காலடியில் தரையை அதிரவைத்தது, அதற்குள்ளிருந்து நான் வந்தேன். தெளிவில்லாமல், தூரத்திலிருந்து, அடைத்துப் போட்ட அறைக்குள் ஒருத்தி கதவை உதைப்பதுபோல. ஒரு சொல்லும் சரியாகப் புரியவில்லை. கோபம் மட்டும் புரிந்தது.

"லூசாடா நீ?" சுருட்டை உள்ளே ஓடினான். "அவரு ஆல்பத்தைத் தொடவே மாட்டாரு. இவ்வளவு நாள் உழைப்பும் வீணாப் போயிடும்!"

"போகட்டும்," என்றான் தம்பி.

"கிட்டார் நான் வாசிச்சது!"

"தூக்கிக்கோ. உன்னோடதை நான் அழிக்கல, எடுத்துட்டுப் போ."

என் தம்பி வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் அதுவரை கேட்டதில்லை. சுருட்டை கிட்டாரை உறையில்கூடப் போடாமல் தூக்கிக்கொண்டு வெளியேறினான். தம்பி கிட்டாரையும் இறக்கிவிட்டான். பாட்டில் மிச்சம் இருந்தது அவனும் நானும்தான், அவன் அடியும் என் கத்தலும்.

நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அவன் திரும்பவில்லை. காது மடல் சிவந்திருந்தது, தோள் குலுங்கியது. அந்தத் தலையைத் தடவிக்கொடுக்கலாமா, ஓங்கி ஒரு குட்டு வைக்கலாமா என்று எனக்கே தெரியவில்லை. குட்டுத்தான் வைத்தேன்.

"இதை அன்னைக்கே செஞ்சிருக்கணும்டா நாயே."

"தெரியும்க்கா."

"இப்படியேதான் வெளில போகணும். நீங்க என்னை எங்க தள்ளினீங்களோ, அங்கிருந்தே எல்லாருக்கும் கேக்கட்டும்."

"சரிக்கா."

"எனக்கு இன்னும் சரியா கேக்கல. ஏத்து."

"இதுக்கு மேல ஏத்தினா ஸ்பீக்கர் கிழிஞ்சிடும் தங்கச்சி," என்றார் ஒலிப்பதிவாளர்.

"கிழியட்டும்ண்ணே. ஏத்துடா!"

தம்பி ஏற்றினான்.