குழாயடியில் ஊறிய கிழங்கு

மலைப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியில் கூட்டிப் பெருக்குகிறவளை எல்லாரும் புயல் என்றுதான் கூப்பிடுவார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டது போல அப்படி ஒரு நடை. அன்று மதியம் அந்தச் சக்கரம் தரையிலேயே பாவவில்லை.

மலைச்சாலை சரிந்து, கீழேயிருந்து அரிசி ஏற்றி வரும் லாரி வழியில் நின்றுவிட்டது. சமையல்காரர் டப்பாக்களைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டார். மறுநாள் காலைக் கஞ்சியோடு சரி. அதனால் மறுநாள் மதியமே விடுதியைப் பூட்டி, பெண்பிள்ளைகளை மேலே அவரவர் வீட்டுக்கு அனுப்பும்படி மேலதிகாரி போனில் சொல்லிவிட்டார். போன தடவை இப்படிப் பூட்டியபோது போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவேயில்லை. எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டார்கள். இந்தத் தடவை அங்கேயே தங்கிப் படிக்கும் புயலின் மகளும் பத்தாம் வகுப்பு.

அதனால்தான் புயல் மேலே தன் ஊருக்கு ஆள் விட்டிருந்தாள். வனத்துறை வேலி போட்டு அடைத்த காட்டில் தங்கள் கிழங்கைத் தாங்களே தோண்டிக்கொள்ளலாம் என்று போன மாதம்தான் அவளுடைய மலைச் சனத்துக்கு உரிமை கிடைத்திருந்தது. கொழுந்தனும் கூட்டாளிகளும் மூட்டை மூட்டையாய்க் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒன்றை அவிழ்த்துப் பார்த்தவள் இடுப்பில் கைவைத்தாள்.

"என்ன கொழுந்தனாரே, பார்த்துப் பார்த்துக் கசப்புக் கிழங்கையா தோண்டினீங்க?"

"இனிப்பு ஆழத்துல கிடக்கு அண்ணி. இந்த மழையில குழி நிக்குதா? இடிஞ்சு நானே உள்ள போயிருப்பேன்."

"போயிருந்தா உங்களையும் தோண்டியிருக்கலாம்."

கசப்புக் கிழங்கை மெல்லிசாகச் சீவி, சாம்பல் தண்ணீரில் அவித்து, ராத்திரி முழுக்க ஓடும் தண்ணீரில் போட வேண்டும். அப்போதுதான் கசப்பும், தலையைச் சுற்றவைக்கும் அதன் நஞ்சும் போகும். ஓடையோ நுரை கக்கிக்கொண்டு ஓடியது. பையைப் போட்டால் அடுத்த ஊரில்தான் போய் எடுக்க வேண்டும். புயல் ஓடையைப் பார்த்தாள். விடுதி மாடியில் மழையில் நிரம்பி வழிந்துகொண்டிருந்த தொட்டியைப் பார்த்தாள். அடுத்த நொடி அவள் அங்கே இல்லை.

அந்தி சாய்வதற்குள் குளியலறையில் கல்யாண வீட்டுச் சத்தம். பிள்ளைகள் சீவினார்கள், ஆண்கள் அவித்தார்கள். தலையணை உறைகளில் கட்டி, ஒவ்வொரு குழாய்க்கும் அடியில் ஒன்றாக வைத்தார்கள். சத்தம் கேட்டு வந்த வார்டன் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது என்ன, கிழங்குக்குக் குளியலா?"

"ஆமாம்மா. அழுக்கு கொஞ்சம் ஜாஸ்தி."

வார்டன் அம்மா சிரிக்கவில்லை. "விளையாடாதே. ஒரு பிள்ளைக்குத் தலை சுத்தினாலும் நான்தான் பதில் சொல்லணும்."

"முதல்ல நான் சாப்பிடறேன். அப்புறம் நீங்க சொன்னாத்தான் பிள்ளைங்களுக்கு."

காலையில் கஞ்சியைக் குடித்த கையோடு பிள்ளைகள் குளியலறை வாசலை அடைத்துக்கொண்டார்கள். புயல் பை பையாக அவிழ்த்து, ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள். நல்லது. இதுவும் நல்லது. மூலைக் குழாய்ப் பைக்கு வந்ததும் முகம் சுருங்கியது. அந்தக் குழாயில் தண்ணீர் நூல் போலத்தான் வந்திருக்கிறது.

"மிளகாயைக் கூடப் போட்டா தெரியாது," என்றார் சமையல்காரர், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

"நாக்குக்குத் தெரியாது. தலைக்குத் தெரியும். இது மறுபடி குழாய்க்கே போகட்டும்."

வார்டன் அம்மா அந்தப் பையைத் தானே தூக்கி, நன்றாகத் தண்ணீர் கொட்டும் குழாயடியில் வைத்தார்.

கிழங்கு வெந்து மசாலா வாசனை கிளம்பியதும் புயல் ஒரு தட்டு நிறையப் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் உட்கார்ந்தாள். வழித்துச் சாப்பிட்டாள். பிறகு சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்து அந்த விடுதியில் யாரும் பார்த்ததில்லை.

"அம்மா, தலை சுத்துதா?" என்றாள் மகள்.

"எல்லாரும் இப்படி முறைச்சுப் பார்த்தா சுத்தாம என்ன செய்யும்?"

கூடம் குபீரென்று சிரித்தது. புயலுக்கு எதுவும் ஆகிறதா என்று பார்க்க, கஞ்சி குடித்த தெம்பெல்லாம் இறங்கும்வரை பிள்ளைகளைக் காக்கவைத்துவிட்டு, வார்டன் அம்மா தானும் ஒரு தட்டு எடுத்து மெதுவாகச் சாப்பிட்டார். "மூலைப் பையையும் நீ நல்லதுன்னு சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டேன்," என்றார். பிறகு பிள்ளைகள் பக்கம் தலையை அசைத்தார். அதற்குப் பிறகு தட்டுச் சத்தம்தான்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே போன் அடித்தது. மேலதிகாரிதான். வார்டன் அம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"பூட்டலை சார்... இல்ல, லாரி வரல. சாப்பாடு இருக்கு... எங்கேயிருந்தா? மேலேயிருந்துதான், இவங்க காட்டுலேயிருந்து." அங்கே என்ன கேட்டார்களோ, போனைக் கையால் மூடிக்கொண்டு புயலிடம் திரும்பினார். "லாரி வர்ற வரைக்கும் சமாளிச்சுடலாம்னு சொல்லட்டுமா?"

புயல் கையிலிருந்த கரண்டியை அண்டாவில் போட்டாள்.

"லாரி வந்த பிறகும் தினம் ஒரு வேளை எங்க சாப்பாடுதான்னு சொல்லுங்கம்மா."

வார்டன் அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் போனில் சொன்னார்.