பீமனுக்கு ஒரு புது மைக்

என் தம்பி வாஹோனோ பீமனாக இருந்ததே ஒரு பால் டப்பாவின் புண்ணியத்தால்தான். அந்த டப்பா கோழி சூப்பில் விழுந்த அன்று பீமன் ஊமையானான்.

மாகெலாங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் ரேடியோ பழுது பார்க்கிறேன். பின்னறையில் தம்பி, பேசவும் கேட்கவும் முடிகிற ரேடியோவில் ஊரோடு பேசுகிறான். ஊரில் பாதிப் பேருக்கு அப்போது அந்தக் கிறுக்குப் பிடித்திருந்தது. கூரைக்குக் கூரை மூங்கில் நட்டு ஏரியல் கட்டி, சாயங்காலமானால் பதினாலாம் சேனலில் கூடிவிடுவார்கள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ரிட்டயர் ஆன ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் 'கிழட்டு ரயில்'. சேனலுக்குப் பெரிய மனிதர் அவர்தான். சந்தையில் கோழி விற்பவர் 'கருடன்'. தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிற என் தம்பி, காற்றடித்தால் சைக்கிளோடு சாய்கிறவன், போனில் பேசினால் எதிர்முனையில் "சரிங்கம்மா" என்று சொல்லிவிடுகிற அளவுக்குக் கீச்சுக் குரல்காரன், அவன் பேர் 'பீமன்'. கூத்தில் பீமன் பொம்மை வரும்போது ஆட்டுகிறவர் அடிவயிற்றிலிருந்து உறுமுவாரே, அந்த பீமனேதான்.

சும்மா சொல்லக் கூடாது, காற்றில் அவன் பீமனாகத்தான் இருந்தான். கடையில் வாங்கிய மைக் கெட்டபோது, ஒரு சின்ன ஸ்பீக்கரைப் பால் டப்பாவுக்குள் பொருத்தி நான்தான் மைக்காகக் கட்டிக் கொடுத்தேன். ஸ்பீக்கரை மைக்காக்கினால் கீச்சுக் குரல்கூடக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனத்து வரும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் மலைக்கு அந்தப் பக்கம் தெமாங்குங்கிலிருந்து ஒரு பெண் தினம் பேச வந்தாள். அவள் பேர் 'மின்மினி'. ஏழு மாதமாக இரண்டு பேரும் மழையைப் பற்றியும் புகையிலை விலையைப் பற்றியும் பேசினார்கள். இதெல்லாம் ஒரு பேச்சா என்று நான் கேட்டால் தம்பிக்குக் காது சிவந்துவிடும்.

வியாழக்கிழமை மின்மினி கேட்டாளாம்: "ஞாயித்துக்கிழமை உங்க ஊருக்கு வர்றேன். தரைக் காப்பி குடிக்கலாமா? ஓவர்."

காற்றில் பழகியவர்கள் நேரில் பார்த்துக்கொள்வதற்குத்தான் தரைக் காப்பி என்று பேர். நம்ம பீமன் ஒரு கையில் ஸ்பூனும் ஒரு கையில் டப்பாவுமாக சூப் குடித்துக்கொண்டிருந்தான். கேட்டதும் கை உதறி, டப்பா கொதிக்கிற சூப்பில் விழுந்து, ஸ்பீக்கர் காகிதம் ஊறிக் கூழாகிவிட்டது. பதில் போகவில்லை.

பதில் போகாதது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. பேசாமல் இருந்தால் போதும், அதுதான் முடியாது.

நான் சாமான் வாங்க செமாராங் போயிருந்தேன். சனிக்கிழமை மதியம் திரும்பினால், வாசலிலேயே நிற்கிறான்.

"அக்கா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"ஆமா, சனிக்கு அடுத்து ஞாயிறுதான். இதச் சொல்லவா வாசல்ல நிக்கிற?"

விஷயத்தைச் சொன்னான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அழுதுவிடுவான்போல் நின்றதால் சிரிப்பை உள்ளே தள்ளிக்கொண்டேன்.

"சரி, பேசத்தான் முடியல. அவ என்ன சொல்றான்னு கேக்கவாவது செஞ்சியா?"

"மைக்கக் கழட்டினா ஒண்ணுமே கேக்கலக்கா."

அவன் வைத்திருக்கிற செட் அப்படி. ஸ்பீக்கருக்குப் போகிற இணைப்பே மைக் பிளக் வழியாகத்தான் சுற்றி வரும். மைக் இல்லையென்றால் ஊமை மட்டுமில்லை, செவிடும்கூட. அவள் கூப்பிட்டாளா, கோபித்துக்கொண்டாளா, எதுவும் தெரியாமல் இவன் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறான்.

"அதே மாதிரி டப்பா மைக் செஞ்சு குடுக்கா."

"அந்த அளவு ஸ்பீக்கர் இப்ப கைவசம் இல்ல. இருந்தாலும் செய்ய மாட்டேன். நாளைக்கு அவ முன்னாடி பால் டப்பாவ வாயில கட்டிக்கிட்டா உக்காருவ?"

அவன் பயமே அதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கிண்டினேன், என் வாய் அப்படி.

என்னிடம் வேறு செட்டிலிருந்து கழற்றிய நல்ல ஜப்பான் மைக் ஒன்று இருந்தது. அதன் பிளக் இவன் செட்டுக்குச் சேராது. வெட்டிவிட்டு நாலு முள் பிளக் போட வேண்டும். ஒயரை உரித்தால் உள்ளே சிவப்பு, வெள்ளை, மஞ்சள், சுற்றிலும் வலைக்கம்பி. கம்பெனிக்குக் கம்பெனி நிறத்தை மாற்றி வைப்பார்கள், நம்பினால் மோசம்போவோம். மீட்டர் முனைகளை வைத்துக்கொண்டு, "அமுக்கு, விடு, அமுக்கு" என்று தம்பியை வேலை வாங்கினேன். பட்டனை அமுக்கும்போது சேருகிற ஒயர் பேசுவதற்கு, விடும்போது சேருகிற ஒயர் கேட்பதற்கு, எதிலும் சேராதது குரலுக்கு.

"ஏன்டா ஒவ்வொரு தடவையும் ரெண்டு ரெண்டு தடவ அமுக்குற? டிக் டிக்குனு. ஒரு தடவ அமுக்கினா போதாதா? சுவிட்ச் தேஞ்சுபோகும்."

"பழக்கம்."

"பழைய மைக்லயும் அந்தச் சத்தம் கேக்கும். நான் என் வேலைதான் மட்டம்னு நெனச்சேன்."

புகை கண்ணில் ஏற ஒவ்வொரு முள்ளாக ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். இது கைராசி, இந்த மாதிரிப் பற்றவைப்பு யோக்யகர்த்தாவில்கூடப் பார்க்க முடியாது என்று என்னை நானே வாய்விட்டு மெச்சிக்கொண்டு, பிளக்கின் மூடியைத் திருகப் போனேன். மூடி மேசையில் கிடந்தது. அதை முதலிலேயே ஒயரில் கோர்த்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். இனி நாலையும் உருக்கி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

தம்பி வாயைப் பொத்திக்கொண்டான்.

"சிரிச்சே, சூப்புலயே உன்ன முக்கிடுவேன்."

"நான் சிரிக்கலக்கா. கைராசின்னு சொன்னியே, அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

இரண்டு நாளில் அவன் சிரித்தது அப்போதுதான். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் மைக்கைச் சொருகியதும் ரேடியோவுக்கு உயிர் வந்தது. கருடன் யாரிடமோ சேவலுக்குச் சளி பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முடித்ததும் தம்பி மைக்கை எடுத்து, அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கினான்.

"மின்மினி, மின்மினி, பீமன் பேசறேன். ஓவர்."

புது மைக் அப்பழுக்கில்லாத மைக். உள்ளது உள்ளபடி கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது, கீச்சு உட்பட. கிழட்டு ரயில்தான் முதலில் வந்தார்.

"யாருப்பா அது? எந்தப் பையன் பீமன் பேர்ல வர்றது?"

"ஐயா, நான்தான் பீமன். மைக் மாத்தியிருக்கேன்."

"பீமன் குரல் எனக்குத் தெரியாதா? அவர் பேசினா என் மேசைல காப்பி டம்ளர் அதிரும். நீ பேசினா கொசு பறக்குது. அடுத்தவன் பேரத் திருடறது இந்த சேனல்ல எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியுமா? போ தம்பி, போய்ப் பாடத்தப் படி."

"ஐயா, சத்தியமா..."

"போன்னா போகணும்!" கருடனும் சேர்ந்துகொண்டார். யார் யாரோ சிரித்தார்கள். என் தம்பி மைக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். தன் பேரையே திருடிவிட்டதாகத் திட்டு வாங்கினவன் வேறு என்ன செய்வான்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை நான் கேலி செய்யலாம். ஊரான் எப்படிச் செய்யலாம்? மைக்கைப் பிடுங்கி ஒரே அமுக்காக அமுக்கினேன். "யோவ் கிழட்டு ரயில்! தண்டவாளத்த விட்டு எறங்காதீங்க. யாரு என்னன்னு விசாரிக்காம வெரட்டறதுக்கு சேனல் என்ன உங்க மாமனார் வீடா?"

என் குரலைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் வீட்டில் கனத்த குரலெல்லாம் எனக்கே வந்து சேர்ந்துவிட்டது. தம்பிக்கு மிச்சம் இல்லை.

"பீமா!" என்று கத்தினார் கிழட்டு ரயில். "எங்கப்பா போயிட்ட? ஜலதோஷமா? எவனோ ஒரு பொடியன் உன் பேர்ல வந்தான், வெரட்டி விட்டுட்டேன், கவலப்படாத!"

நான் மைக்கைப் பார்த்தேன், தம்பியைப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் அவள் வந்தாள்.

"பீமன், மின்மினி பேசறேன். ரெண்டு நாளா கூப்பிட்டுக்கிட்டிருக்கேன். நாளைக்கு நான் வரணுமா, வேண்டாமா? ஓவர்."

அந்தக் குரலில் இருந்த சங்கடம் எனக்கே உறைத்தது. தம்பி என் முழங்கையைப் பிடித்தான். "அக்கா, நீயே சொல்லிடு. வரச் சொல்லிடு. நான் பேசினா யாரும் நம்ப மாட்டாங்க."

"டேய், நாளைக்கு யாருடா போறது, நானா?"

"நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாத்துக்கலாம். இப்ப விட்டா போயிடுவா. கெஞ்சறேன்க்கா."

அவன் கெஞ்சினால் எனக்குத் தாங்காது. அமுக்கினேன். முடிந்த மட்டும் குரலைத் தாழ்த்தி, "வாங்க, மின்மினி. ஊர் நடுத் திடல்ல, ஆலமரத்தடிக் காப்பிக் கடை. நாலு மணி. ஓவர்" என்றேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க யாருன்னு தெரியல. ஆனா நீங்க பீமன் இல்ல."

கிழட்டு ரயில் குறுக்கே விழுந்தார். "என்னம்மா சொல்ற? அதே குரல்தானே!"

"குரல விடுங்க ஐயா. பீமன் பேசறதுக்கு முன்னாடி பட்டன ஒரு தடவ அமுக்கி விட்டுடுவாரு. தைரியம் வராம. அப்புறம்தான் மறுபடி அமுக்கிப் பேசுவாரு. டிக், டிக். ஏழு மாசமா அந்தச் சத்தத்துக்குத்தான் நான் ரேடியோ முன்னாடி உக்கார்றேன். இப்ப பேசினவங்க ஒரே தடவைல அமுக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரு பையன வெரட்டினீங்களே, அவர் ரெண்டு தடவ அமுக்கினாரு. அவரக் கூப்பிடுங்க. ஓவர்."

நான் மைக்கை நீட்டினேன். தம்பி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஏழு மாதம் பக்கத்து அறையில் இருந்து நான் சுவிட்ச் கோளாறு என்று நினைத்ததை, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள் சரியாகப் புரிந்து வைத்திருக்கிறாள்.

டிக். கொஞ்சம் இடைவெளி. டிக்.

"வாங்க," என்றான் கீச்சென்று. அவ்வளவுதான். ஓவர் சொல்லக்கூட மறந்துவிட்டான்.

"வர்றேன்," என்றாள் அவள். கருடன் மட்டும் அடங்காமல், "அப்ப உறுமினது யாருப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ரேடியோவை அணைத்தேன்.

மறுநாள் நானும் போனேன். காவலுக்கெல்லாம் இல்லை, எனக்கும் காப்பி பிடிக்கும். பக்கத்து மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதிரே இருந்த கண்ணாடி அலமாரியில் அவர்களைப் பார்த்துக்கொண்டேன். அவள் வட்ட முகம், மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு துணிப்பை. "நான் இஸ்மியாதி. மின்மினி" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

என் தம்பி வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். காப்பி வந்தது; ஆறியது. கஞ்சி போட்ட சட்டைக்குள் அவன் வியர்த்து ஊறிக்கொண்டிருந்தான். வாயில மரவள்ளிக் கெத்துக் மாவையா அடைச்சு வச்சிருக்க, பேசித் தொலையேன்டா என்று எனக்கு அலற வேண்டும்போல் இருந்தது. அவள் பையின் வாரைச் சுருட்டுகிறாள், பிரிக்கிறாள். எழுந்து போய்விடுவாளோ என்று நான் கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

அப்போது அவன் ஸ்பூனை எடுத்து டம்ளரில் தட்டினான். டிக். நிறுத்தினான். மறுபடியும் டிக்.

இஸ்மியாதி பையைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"கேக்குது. பேசுங்க. ஓவர்."

என் தம்பி அவனுடைய குரலில் பேச ஆரம்பித்தான்.