குக்கரின் அரைச் சிரிப்பு

குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் மூன்றாவது கவுன்ட்டரில் இருந்த எழுத்தருக்கு ஊரே சேர்ந்து வைத்த பெயர் குக்கர். அவர் போடும் சத்தத்தில் மின்விசிறி ஒரு கணம் நின்று, எதிர்ப்பக்கம் சுற்றியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யாரிடமும் ஒரு பைசா கை நீட்டியதில்லை. திட்டுவார், வேலையை முடித்துக் கொடுப்பார்.

போன மாதம் அவர் வீசிய மைப்பெட்டி குறி தவறி மேலாளரின் வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தது.

"இன்னொரு புகார் வரட்டும், நேரா கீழ ரெக்கார்ட் ரூம்தான்," என்றார் மேலாளர். "அங்க கரப்பான்பூச்சிய எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்குங்க."

குக்கர் தன் நாற்காலிக்குத் திரும்பி யோசித்துப் பார்த்தார். மனிதர்களைத் திட்டாமல்கூட இருந்துவிடலாம். மனிதர்களே இல்லாமல் எப்படி இருப்பது?

மனைவி அவரை ஆஸ்பத்திரியில் நடக்கும் ஒரு வகுப்புக்கு இழுத்துப் போனாள். பொங்கி வரும் உணர்ச்சிகளைச் சமாளிக்கச் சொல்லித்தரும் சிகிச்சை, பெயர் டி.பி.டி. என்றார்கள். டி.டி.டி. மாதிரி ஏதோ பூச்சிமருந்து என்று நினைத்து முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"கோபத்த அமுக்காதீங்க சார்," என்றார் வகுப்பெடுத்த மனநல ஆலோசகர். "வந்திருக்குன்னு ஒத்துக்குங்க. ஆனா அது சொல்றத செய்யாதீங்க. மூச்ச மெதுவா விடுங்க. முகத்த தளர்த்தி, அரைச் சிரிப்பு. ரெண்டு கையும் மடியில, உள்ளங்கை மேல பாத்த மாதிரி."

மடிக்கு எங்கே போவது? அந்த இடத்தைத் தொந்தி எப்போதோ ஆக்கிரமித்து, சுற்றுச்சுவரும் எழுப்பிவிட்டிருந்தது. கைகளைக் கவுன்ட்டர் மேல்தான் வைக்க முடிந்தது.

மறுநாள் முதல் ஆளாக வந்த தையல்காரம்மாவின் விண்ணப்பத்தில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் முகவரி, முகவரி இடத்தில் கையெழுத்து, கையெழுத்து இடத்தில் டீக்கறை. குக்கரின் காதிலிருந்து ஆவி கிளம்பியது. கண்ணை மூடினார். மூச்சை விட்டார். அரைச் சிரிப்புச் சிரித்தார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் கவுன்ட்டர் மேல் வைத்தார்.

தையல்காரம்மா சிரிப்பைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு நோட்டை மடித்து வைத்தாள்.

கண் திறந்தவருக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. லஞ்சமா? எனக்கா? ஐயையோ, இது பெரிய கோபம்! சிரிப்பை இன்னும் கொஞ்சம் அகட்டினார்.

"இதுவும் போதாதா? அநியாயமா இருக்கே!" என்று கத்தியவள், நோட்டைப் பிடுங்கிக்கொண்டு நேரே மேலாளர் அறைக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள்.

மேலாளர் குக்கரைக் கூப்பிட்டு அனுப்பினார். "கத்துறீங்கன்னு புகார் வரும்னு பாத்தா, கை நீட்டுறீங்கன்னு வருதேய்யா! கீழ அனுப்பிடவா, என்ன சொல்றீங்க?"

குக்கருக்கு மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட் மட்டுமே தெரிந்தது. அதை எடுத்து எறிந்தால் சொர்க்கம். மூச்சை விட்டார். சிரித்தார். இரண்டு கைகளையும் மேலாளரின் மேசைமேல் விரித்தார்.

"அடப்பாவி," என்றார் மேலாளர், "என்கிட்டயுமா?"

வாயைத் திறக்காவிட்டால் கரப்பான்பூச்சிதான் என்று குக்கருக்குப் புரிந்தது.

"சார், எனக்கு இப்ப பயங்கர கோபம். காது கொதிக்குது. அந்த பேப்பர்வெயிட்ட உங்க மேல வீசணும்னு இருக்கு. வீசாம இருக்கத்தான் கைய இப்படி வைக்கிறேன். டாக்டர் சொல்லிக்குடுத்தது."

மேலாளர் பேப்பர்வெயிட்டை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"அப்ப என்மேல கோபத்துலதான் சிரிச்சீங்களா?" என்றாள் தையல்காரம்மா.

"ஆமாம்மா. கையெழுத்து போடற எடத்துல டீய கொட்டினா வேற என்ன வரும்?"

அவள் முகவாயில் கை வைத்து யோசித்தாள். "சார், இந்தாளு கீழ போயிட்டா எனக்குத் தண்ணி எவன் குடுப்பான்? புகார கிழிச்சிப் போடுங்க."

மேலாளர் கிழித்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

அடுத்த நாள் மூன்றாவது கவுன்ட்டருக்கு மேல் ஒரு பலகை தொங்கியது: 'அலுவலர் கை விரித்திருந்தால் கோபத்தில் இருக்கிறார் என்று பொருள். கையில் எதையும் வைக்காதீர்கள்.' வரிசையில் இருந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, தங்கள் விண்ணப்பங்களை அவசர அவசரமாக இன்னொரு தரம் சரிபார்த்தார்கள்.

முதலில் நின்ற பெரியவர் கம்பிவழியாக எட்டிப் பார்த்தார். "தம்பி, இப்ப கோபமா, சும்மாவா?"

"சும்மாதாங்க," என்றார் குக்கர். "விண்ணப்பத்த குடுங்க, வருதான்னு பாத்துடுவோம்."