வீசினாரா, எறிந்தாரா?

"எறிந்தார்" என்று வர்ணனையாளர் மைக்கில் சொன்னபோது ஆட்டம் செத்துக் கிடந்தது. விக்கெட் விழவில்லை, சிக்ஸர் பறக்கவில்லை. ஆட்கள் சேனல் மாற்றுகிறார்கள், எதையாவது கொளுத்திப் போடு என்று தயாரிப்பாளர் அவர் காதுக்குள் நச்சரித்துக்கொண்டே இருந்தார். கொளுத்திப் போட்டார். விழுந்தது சொந்த மைத்துனன் தலையில்.

மைத்துனன் சுழற்பந்து வீச்சாளன். அணியில் அவன் பெயர் கோணல். பிறவியிலேயே வலது முழங்கை முழுதாக நீளாது. மடங்கிய கை மடங்கியபடியே சுற்றி வரும். விதிப்படி அது குற்றமில்லை. பந்தை விடும்போது முழங்கை பதினைந்து டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால்தான் அது எறி, குற்றம். ஆனால் டிவியில் டிகிரி தெரியாது, கோணல்தான் தெரியும்.

அன்று மாலையே அந்தப் பந்தை மெதுவோட்டத்தில், பக்கவாட்டுக் கேமரா ஒன்றிலிருந்து மட்டும், திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். மேலே வர்ணனையாளரின் குரல்: எறிந்தார், எறிந்தார். கீழே சிவப்புப் பட்டையில் கேள்வி: 'வீச்சா? எறியா?' நேயர்கள் வாக்களிக்கலாம். பந்தைத் தொட்டே பார்க்காதவர்கள் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக முழங்கை நிபுணர்கள் ஆனார்கள். எறி அமோகமாக ஜெயித்தது.

அடுத்த ஆட்டம் முடிந்ததும் நடுவர் கோணலை ஓரமாக அழைத்து, அவன் பந்துவீச்சு சந்தேகத்துக்குரியது என்று புகார் தரப்போவதாகச் சொன்னார்.

"போன சீசன் முழுக்க நீங்கதானே சார் பக்கத்துல நின்னீங்க. அப்ப சந்தேகம் வரலையா?"

"அப்ப டிவியில காட்டலையே" என்றார் நடுவர். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடையைக் கட்டினார்.

சோதனைக்கூடத்தில் தேறவில்லை என்றால் பந்து வீசத் தடை. மட்டையை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத பவுலருக்குத் தடை என்றால், மூட்டையைக் கட்டு என்று அர்த்தம்.

கோணல் நேராக அக்கா வீட்டுக்குப் போனான். சாப்பாட்டு மேசையில் அத்தான் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"வாய் தவறிடுச்சு மச்சான். வீசுறது, எறியிறது ரெண்டும் ஒண்ணுதானே. இதைப் போய் பெருசு பண்றியே."

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் எடுப்பவள். புருஷனுக்கு வர்ணனை வேலை கிடைத்த புதிதில், இதே மேசையில் உட்காரவைத்து அவருக்குப் பாடம் நடத்தியவள் அவள்தான். பேட்ஸ்மேன் அடிப்பார், பவுலர் வீசுவார், ஃபீல்டர் எறிவார். மாற்றிச் சொன்னால் காதைத் திருகுவேன் என்று அன்று மிரட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து கோணல் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து ஒரு தடவைகூட அவர் மாற்றிச் சொன்னதில்லை.

"இத்தனை வருஷம் தவறாத வாய், என் தம்பி பந்து போடும்போது பார்த்துத் தவறிடுச்சாக்கும்" என்றாள்.

சொன்னது தப்பு என்று மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான் கோணல். அத்தான் உதட்டைப் பிதுக்கினார். நிகழ்ச்சிக்கு விளம்பரம் குவிகிறது, தயாரிப்பாளர் விடமாட்டார், தன் வேலையையும் பார்க்க வேண்டுமே என்றார்.

"உங்க வேலை நிக்கணும், என் வேலை போகணும். அப்படித்தானே அத்தான்?"

"நீ சுத்தமா போட்டா லேப்ல தெரிஞ்சுடப் போகுது. மடியில கனமில்லேன்னா ஏன் பதறுற?"

கோணல் எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் போய் இடித்தது. அவனுக்குப் போட்ட தட்டு அப்படியே கிடந்தது.

சோதனைக்கூடத்தில் கையெங்கும் பளபளக்கும் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் கேமராக்களை நிறுத்தி, பந்து வீசச் சொன்னார்கள். முழங்கை வரம்புக்குள்தான் நிமிர்கிறது, தடையில்லை என்று முடிவு வந்தது. சேனல் அதை வானிலைக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் நடுவே ஓடவிட்டது. நிகழ்ச்சியை நிறுத்தவில்லை, தலைப்பை மட்டும் மாற்றியது: 'சோதனைக்கூடத்தை நம்பலாமா?'

அவன் திரும்பி வந்த ஆட்டத்தில் கேப்டன் பட்டும் படாமலும் பேசினான். ஒரு ஓவர் தருவானாம். கூட்டத்தின் கூச்சல் அடங்காவிட்டால் எடுத்துவிடுவானாம். அப்புறம் அணியில் இடமிருக்கிறதா என்று அவனைக் கேட்கக் கூடாதாம்.

கோணல் ஓடத் தொடங்கியதுமே அரங்கம் கத்தியது. எறி, எறி, எறி. புகார் கொடுத்த அதே நடுவர் பக்கவாட்டில் நின்று, பந்தைப் பார்க்காமல் முழங்கையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

மேலே வர்ணனை அறையில் அத்தானுக்கு வியர்த்தது. இன்றைக்கு அந்த வார்த்தை வந்தால் வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று மனைவி காலையில் சொல்லி அனுப்பியிருந்தாள். ஒரே ஒரு தடவை சொல்லு, ஒரே ஒரு தடவை என்று காதுக்குள் தயாரிப்பாளர். இரண்டு பேருக்கும் பயந்து அவர் வினைச்சொல்லையே விழுங்கிவிட்டார். "இதோ பந்து." "அடுத்த பந்து." "நல்ல பந்து." யார் கையிலிருந்தும் கிளம்பாமல் பந்து தானாக நடந்து வருவதுபோல.

ஓவரின் கடைசிப் பந்தை பேட்ஸ்மேன் மெல்லத் தட்டிவிட்டு ஓடினான். கோணல் பாய்ந்து அதை எடுத்தான். இத்தனை நாள் ஆத்திரமும் தோளில் ஏற, எதிர்முனை ஸ்டம்பைக் குறிவைத்துப் பந்தை விட்டான். ஸ்டம்ப் சிதறியது. பேட்ஸ்மேன் பாதி வழியில் நின்றான்.

வர்ணனையாளர் வாயைத் திறந்தார். இதற்கு இருப்பது ஒரே சொல். "எ..." என்று கிளம்பிய நாக்கு, மனைவியின் முகம் கண்ணில் வந்ததும் பதறிப் பின்வாங்கியது.

"வீசினார்! அவுட்!"

காதுக்குள் தயாரிப்பாளர் சிரித்த சிரிப்பில் கருவி கிறீச்சிட்டது. கீழே, அதுவரை எறி எறி என்று கத்திய கூட்டம், கேட்டது கிடைத்துவிட்ட குழப்பத்தில் கைதட்டியது. இந்தப் பக்கம் நீயே தொடர்ந்து போடு என்றான் கேப்டன்.

ஆட்டம் முடிந்ததும் அத்தான் உடை மாற்றும் அறை வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"உலகமே கேட்க வீசினார்னு சொல்லிட்டேன் பார்த்தியா. இப்ப திருப்திதானே மச்சான்?"

அவர் நீட்டிய கையைக் கோணல் பிடிக்கவில்லை. காலணி நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு நான் எறிஞ்சது ஒரே ஒரு பந்து அத்தான். அதைப் போய் வீசினார்னுட்டீங்க."

அறை சிரித்தது. அந்த நேரம் பார்த்து அத்தானின் கைப்பேசி அடித்தது. பதற்றத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட, அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஃபீல்டர் என்ன பண்ணுவார்?"

அத்தான் சுற்றிலும் பார்த்தார். பதினொரு பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"எறிவார்."

"பவுலர்?"

"வீசுவார்."

"தெரியுதுல்ல. இதையே நாளைக்கு மைக்ல, என் தம்பி பேரைச் சேர்த்துச் சொல்லுங்க. சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. கைப்பேசியை இறக்குவதற்குள் மறுபடி அடித்தது. இந்தத் தடவை தயாரிப்பாளர். அத்தான் மைத்துனனை ஒருமுறை பார்த்துவிட்டு, எடுத்து, "சொல்லுங்க சார்" என்றார்.

கோணல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரை இடித்துத் தள்ளாத குறையாகத் தாண்டிப் போனான்.