நிராசாவா அண்ணன் இரவல் கேட்ட மேஜை

"சிஹோ, உங்க வீட்ல கொத்தாத்சு, அந்தச் சூடு மேஜை, இருக்குல்ல? இன்னைக்கு ஒரு நாள் தர்றியாம்மா?"

நிராசாவா அண்ணன் இப்படிக் கேட்டபோது நான் தலையை மட்டும் ஆட்டினேன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபின் கார் கம்பெனியின் சோதனைக் கொட்டகையில் தேநீர் கொடுக்கிற வேலை எனக்கு. பேச வேண்டியதில்லை என்பதால் பிடித்திருந்தது.

அங்கே ஓடிக்கொண்டிருந்தது பல்லே இல்லாத கியர்பெட்டி. கிண்ணம்போல் குழிந்த இரண்டு தட்டுகள், நடுவே சாய்ந்து திரும்பும் ஓர் உருளை. இரும்பும் இரும்பும் தொடுவதில்லை. இடையில் நசுங்கும் எண்ணெய்ப் படலம்தான் ஒன்றை இன்னொன்றோடு இழுத்துப் போகும். குளிரில் அந்த எண்ணெய் கூழாகிவிடும். எஞ்சின் கொடுக்கும் சக்தியில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும்.

அன்று பனி. எண்ணெய்த் தொட்டியின் ஹீட்டர் காலையிலேயே செத்துவிட்டது. மதியம் தலைமையகத்திலிருந்து ஒப்புதல் முத்திரை குத்த ஹகமதா சார் வருகிறார். நூறு பங்கு சக்தி உள்ளே போனால் குறைந்தது தொண்ணூற்று மூன்று வெளியே வர வேண்டும். இல்லாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு, எல்லோருக்கும் கண்ணாடி துடைப்பான் பிரிவுக்கு மாற்றல்.

"காருல எண்ணெய் சூடாத்தான் இருக்கும். நாம ஏமாத்தல," என்றார் நிராசாவா அண்ணன், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

அம்மா முணுமுணுத்துக்கொண்டே மேஜையைக் கொடுத்தாள். மேஜையடியில் மின்சூடு, மேலே முயல் படம் போட்ட தடித்த போர்வை. தட்டையான எண்ணெய்த் தொட்டியை அதற்குள் தள்ளி, நாலு பக்கமும் போர்வையால் மூடினோம். சக்தியை அளக்கும் மானியின் முள் மெல்ல ஏறித் தொண்ணூற்று மூன்றில் நின்றது.

ஹகமதா சார் பனியை உதறிக்கொண்டு நுழைந்தார். மேஜையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா! இந்தக் கெழவன் காலு விறைச்சுப் போயிருக்கும்னு யோசிச்சீங்களாய்யா? தலைமையகத்துல ஒரு பயலுக்குத் தோணலையே!"

ஷூவைக் கழற்றினார். போர்வையைத் தூக்கிக் காலை உள்ளே நீட்டினார்.

அண்ணனின் உதவியாள் உதாகாவா வாயைத் திறந்தான். நிராசாவா அண்ணன் அவன் காலை மிதித்தார்.

"உள்ள என்னய்யா பெட்டி?"

"அது... சூடு நிக்கிறதுக்கு சார்."

"நல்ல யோசனை. பாப்பா, நீயும் வந்து உக்காரு. குளிருல நிக்காத."

நான் உட்கார்ந்தேன். என் கால்களும் உள்ளே போயின. அவர் ஆரஞ்சு உரித்தார். பிறகு மின்கம்பியில் இருந்த திருகைப் பிடித்து, "சூடு கொஞ்சம் ஜாஸ்தி," என்று குறைத்தார்.

முள் அசைந்தது. தொண்ணூற்று இரண்டு.

நிராசாவா அண்ணன் எனக்குக் கண்ணைக் காட்டினார். ஹகமதா சார் தேநீர் குடிக்கும்போது நான் திருகைக் கூட்டினேன்.

"பாப்பாக்கு ரொம்பக் குளுருதோ? ஆனா எனக்கு உள்ளங்கால் வேகுதும்மா." மறுபடி குறைத்தார். தொண்ணூற்று ஒன்றரை.

"இவரு எப்ப எந்திரிப்பாரு?" உதாகாவா கிசுகிசுத்தான்.

"இன்னொரு டீ கெடைக்குமா?" என்றார் ஹகமதா சார்.

முள் தொண்ணூறைத் தொட்டது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தார். "போன தடவையைவிட மோசமா இருக்கே, நிராசாவா. இதுக்கா இவ்வளவு செலவு?" முத்திரைக் கட்டையை எடுத்தவர் திரும்பப் பைக்குள் போட்டார்.

நிராசாவா அண்ணன் இடுப்பு மடியக் குனிந்தார். நிமிரவே இல்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"சார், மன்னிக்கணும். நீங்க கால் வச்சிருக்கறது எண்ணெய்த் தொட்டி மேல. நீங்க சூட்டக் குறைக்கக் குறைக்க... மூணு போயிருச்சு."

 ஹகமதா சாரின் காது சிவந்தது. என் பக்கம் திரும்பினார். நான் அவசரமாகக் காலை வெளியே இழுத்தேன்.

அவரும் இழுத்துக்கொண்டார். திருகை முழுசாகத் திருப்பினார். மண்டியிட்டு, தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துகிறமாதிரி போர்வையைச் சுற்றிலும் செருகினார். பிறகு வெறும் காலுறையோடு சில்லென்ற சிமெண்டுத் தரையில் நின்றபடி, கால் மாற்றிக் கால் மாற்றி, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் நின்றோம். தேநீர் ஆறிப்போனது.

முள் தொண்ணூற்று மூன்றுக்கு வந்து நின்றது.

அவர் முத்திரைக் கட்டையை எடுத்துத் தாளில் அழுத்தினார். ஷூவை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பனிக்குள் போய்விட்டார்.